காளானும் கடமையும்

மழை பெய்த மறுநாள், கூடை நிறையக் காளான் பறித்து வந்த ஒரு மூதாட்டியார் அவ்வளவையும் குப்பைக் குழியிற் கொட்டிவிட்டார். அது சரியா, தவறா? இவ்வினா அறுபது ஆண்டுகளுக்கு மேலாக என் உள்ளத்திற் கிடக்கின்றது. வினா சிறிது, வினாவுக்குரிய பொருள் அதனினும் சிறிது. ஆயினும், அன்பர்களே, பிறர் இலையில் உணவு படைக்கும் ஒவ்வொருவர்க்கும் உரிய கடமை யாது என்னும் பெரிய வழக்கு அச்சிறு கூடைக்குள் அடங்கியிருந்தது. அதனை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றேன்.

1964ஆம் ஆண்டு. பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு கித்தாத் தோட்டம். மூதாட்டியார் என் தந்தையைப் பெற்றவர். அப்பாயி என்று அழைப்போம். எனக்கு அப்போது எட்டு வயது. தோட்டத்து வாழ்வை அறிந்தோர்க்கு ஒன்று தெரியும். இரவு பெருமழை பெய்து மரப்பட்டை நனைந்திருந்தால் காலையிற் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அன்றைக்குக் கூலியும் இல்லை. காளானோ அத்தகைய நாளிலேதான் முளைக்கும். கூலியற்ற நாளுக்கென்றே நிலம் ஒரு கறியை ஒளித்து வைத்திருந்ததுபோலும்!

இரவில் இடி இடித்தால், விடியுமுன்னரே அப்பாயி தலையிற் கோணியைப் போர்த்துக்கொண்டு தீம்பாருக்குள் இறங்கிவிடுவார். அவர் தேடுவது காளானை அன்று, கறையான் புற்றை. கம்பத்து மலாய்க்காரர் செண்டாவான் பூசுட் என்பதும், நம்மவர் புற்றுக்காளான் என்பதும் ஒன்றே. கறையான் காய்ந்த இலையையும் மரத்துகளையும் கொணர்ந்து புற்றினுள் தேனடைபோல் ஓர் அடை அமைக்கின்றது. அவ்வடையின்மேல் இக்காளானின் வெண்ணிழையைப் பயிர்செய்து தன் கூட்டத்துக்கு உணவாக்குகின்றது. மழைக்காலம் வந்ததும் அப்பயிரினின்று வேர்போன்ற நீண்ட காம்பு மண்ணைத் துளைத்து மேலெழுந்து குடை விரிக்கின்றது. பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம் இவ்வினத்துக்கு 1942இல் டெர்மிட்டோமைசிஸ் எனப் பெயரிட்டார். தென்னிந்தியாவில் முளைக்கும் ஒரு வகையை நடராஜன் என்னும் ஆய்வாளர் 1979இல் விளக்கி, அதற்கு ஹைமின் பெயரையே சூட்டினார். இதனை விற்பனைக்குப் பயிரிடும் வழியை மனிதன் இன்றளவும் கண்டானல்லன், கறையான் கண்டிருக்கின்றது.

அப்பாயிக்கு இப்பெயர்களெல்லாம் தெரியா. அவருக்குத் தெரிந்தது காம்பு. குடையின் அழகைப் பார்த்து அவர் ஒன்றையும் பறித்ததில்லை. குச்சியால் மண்ணைக் கிளறிக் கிளறி, காம்பு கீழே புற்றை நோக்கி இறங்குகின்றதா என்று பார்ப்பார். இறங்கினால் கூடையில் விழும்; பாதியிற் குமிழ்போல் முடிந்தால் அது எவ்வளவு வெண்மையாயினும் அங்கேயே கிடக்கும். ‘அது என்ன காளான் அப்பாயி?’ என்று கேட்டால், ‘எனக்குத் தெரியாதப்பா’ என்பார். நஞ்சென்றும் சொல்லமாட்டார், நல்லதென்றும் சொல்லமாட்டார்.

புற்றுக்காளான் வைத்திருக்கப் பொறாது. பறித்த அன்றே சமைத்தாக வேண்டும். மறுநாளைக்குக் குழைந்து நாறிவிடும். மண்போகக் கழுவி, காம்பின் தோலைச் சீவி, கத்தியின்றிக் கையாலேயே நார்நாராகக் கிழித்து, சின்ன வெங்காயமும் மஞ்சளும் இடித்த மிளகும் இட்டு, தன் நீரிலேயே வேகவிட்டு, இறுதியில் ஒரு கை தேங்காய்ப்பால் ஊற்றுவார். கோழிக்கறியின் மணம் லயம் முழுதும் பரவும். கோழி அறுத்த வீடு கதவைத் திறந்து வைக்கும்; காளான் சமைத்த வீடு சற்றே சாத்திக்கொள்ளும். காட்டில் எடுத்து உண்பது வறுமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. இந்த நாணம் நமக்குப் புதிதன்று. சிறுபாணாற்றுப்படை காட்டும் வறிய பாணனின் அடுக்களையிலும், கறையான் அரித்த சுவர்ப்புழுதியிற் காளான் பூத்திருக்க, உப்பின்றி வெந்த கீரையைப் பிறர் காணாவண்ணம் கதவடைத்து உண்கின்றது ஒரு குடும்பம்.

சேமித்து வைக்க வேறொரு காளான் உண்டு. வெட்டிச் சாய்த்த கித்தாக் கட்டைகளில் விசிறி விசிறியாக, சாம்பல் நிறத்தில், நகக்கண் அளவில் அடர்ந்து முளைப்பது. மலாயில் குக்குர் என்பர். இதனை நூலிற் கோத்து அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டு, சருகாய் உலர்ந்தபின் பிஸ்கட் தகரத்தில் அடைத்து வைப்பார் அப்பாயி. சமைக்குமுன் வெந்நீரிலிட்டால் சுருண்ட மடல்கள் மெல்ல விரியும். குழலில் அடைத்து மூடிவைத்த இவ்வகைக் காளான், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நீர் பட்டதும் மீண்டும் மடல் விரித்ததென்று விஞ்ஞானிகள் எழுதியிருக்கின்றனர். எனினும் எல்லாக் கட்டையிலும் அப்பாயி கை வைத்தவரல்லர். அந்நாளிலும் அதற்கு முன்னும் லாலான் புல்லை ஒழிக்கவும் கிழமரங்களைச் சாகடிக்கவும் தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட் என்னும் கொடிய பாடாணம் பயன்பட்டது. மருந்தடித்த தீம்பாரிற் காளான் கொழித்திருந்தாலும் அவர் திரும்பிப் பாரார். காளான் நல்லதாயிருந்தாற் போதாது, அது நின்ற இடமும் நல்லதாயிருக்க வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லவில்லை.

இனி, கூடை கொட்டப்பட்ட நாள். மூன்று நாள் விடாமழை. மூன்று நாள் கூலியில்லை. அப்பாயி கூடை நிறையப் புற்றுக்காளான் கொணர்ந்து வாசலில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். யானும் பக்கத்து வீட்டுச் சிறுவனும் அவரை மகிழ்விக்க எண்ணி, ஓடையோரம் கண்ட வெள்ளைக் காளான்களை இரண்டு கை அள்ளி வந்து அக்கூடையிலிட்டுக் கலந்துவிட்டோம். திரும்பி வந்த அப்பாயி கூடையைப் பார்த்தார்; எங்களைப் பார்த்தார். ‘எதையெதைப் போட்டீர்கள்?’ என்றார். குடைகள் உடைந்து துண்டுதுண்டாய்க் கலந்திருந்தன. எங்களாற் காட்ட முடியவில்லை. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்து, மேலே மண்ணைத் தள்ளிவிட்டு வந்தார்.

என் தாயார் வெகுண்டார். ‘பத்திலே ஒன்பது நல்லதுதானே, அத்தை? ஆய்ந்து பார்த்தால் எடுத்துவிடலாமே! பிள்ளைகள் பசியோடிருக்கிறார்களே!’ என்றார். அப்பாயி அடுப்பைப் பார்த்தவாறு, ‘ஒன்பது நல்லதுதான். எந்த ஒன்பது என்று சொல்லு’ என்றார். அன்றிரவு கஞ்சியும் சுட்ட நெத்திலியும் உண்டோம். யான் அப்பாயியோடு இரண்டு நாள் பேசவில்லை.

நிற்க. காளானைப் பற்றி நம்மிடையே வழங்கும் தேர்வுகள் பல. வெள்ளிக்காசை உடன் வேகவைத்தாற் காசு கறுக்கவில்லையெனில் நல்லது. பூண்டும் அரிசியும் நிறம் மாறவில்லையெனில் நல்லது. புழுவும் நத்தையும் தின்றிருந்தால் மனிதனும் தின்னலாம். நன்கு கொதிக்க வைத்தால் எந்த நஞ்சும் போய்விடும். இவை நம்மிடையே மட்டுமன்று, ஐரோப்பியரிடையேயும் பரவிய நம்பிக்கைகள். ஒன்றேனும் உண்மையன்று. காளான் நஞ்சுகளில் மிகக் கொடியதாகிய அமடாக்சின் வெள்ளியைக் கறுக்கச் செய்யாது. கொதித்தாலும் உலர்த்தினாலும் உறையவைத்தாலும் அழியாது. ஒரு கிலோ உடலெடைக்கு 0.1 மில்லிகிராம் உட்சென்றால் உயிருக்கு உலை. அதனினும் கொடுமை அதன் பொறுமை. உண்டவனுக்கு ஆறு மணி முதல் இருபத்துநான்கு மணி நேரம்வரை ஒன்றும் தெரியாது. பின்னர் வாந்தி, பேதி. அதன்பின் ஓய்ந்து தேறியதுபோல் ஒரு நாள் தோன்றும். அந்நாளில் ஈரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். பிழைத்தோர் சிலர், அக்காளான் மிகச் சுவையாயிருந்தது என்று கூறியிருக்கின்றனர்.

முன்னோர் சொன்னது என்பதனாலேயே ஒன்றை ஏற்றல் ஆகாது என்று பேசுகின்றோம், நன்று. ஆனால் வெள்ளிக்காசும் முன்னோர் சொன்னது. காம்பின் வேரைப் பார் என்பதும் முன்னோர் சொன்னது. ஒன்று கொல்வது, மற்றொன்று காப்பது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி எறிவோனும், ஒரே மூட்டையாகக் கட்டி வணங்குவோனும் ஆராயாமையில் ஒத்தவரே. வேறுபாடு எங்கே உளது? வெள்ளிக்காசு எல்லாக் காளானுக்கும் எல்லா நாட்டுக்கும் ஒரே விடை சொல்ல வருகின்றது. காளானை உற்றுநோக்கும் உழைப்பினின்று நம்மை விடுவிக்கின்றது. வேர்த்தேர்வோ இந்த ஒன்றை மட்டும் சொல்லி, மற்றவற்றைப் பற்றித் தெரியாது என்று வாய் மூடிக்கொள்கின்றது.

இவ்வளவும் அறிந்தவன்போல் எழுதுகின்றேனே, இதனை யான் கற்ற விதத்தைச் சொல்லாது மறைத்தல் முறையன்று. 1987இல் ஈப்போவில் வேலையிலிருந்தேன். ஒரு ஞாயிறன்று பழைய நண்பர் ஒருவர் என் வீட்டிற்கு வந்திருந்தார். வீட்டுக்குப் பின்னிருந்த புல்வெளியில் மழைக்குப்பின் பெரிய வெண்குடைகள் வட்டமாய் எழுந்து நின்றன. அடிமடல்கள் தூய வெண்மை. அப்பாயியின் நினைவு வந்தது. அவருடைய குச்சி நினைவுக்கு வரவில்லை. கிளறிப் பார்த்தேனல்லேன். ஐயம் ஒன்று எழுந்தது உண்மை. அதனை அடக்க மனைவியின் வெள்ளிக் கொலுசைக் கறியோடு வேகவைத்தேன். கொலுசு கறுக்கவில்லை. நண்பர் விரும்பி உண்டார். யான் சிறிதே உண்டேன். இரண்டு மணி நேரத்தில் அவர் சுருண்டு விழுந்தார். மருத்துவமனையில் மூன்று நாள் கிடந்து, நீரும் உப்பும் ஏற்றப்பெற்றுப் பிழைத்தார். வீடு திரும்பிய யான், சமைக்காது செய்தித்தாளின்மேல் விட்டுச் சென்றிருந்த ஒரு குடையைத் தூக்கினேன். தாளின்மேல் பசிய மாவு, மடல் மடலாய்ப் படிந்திருந்தது. குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் என்பது அதன் பெயர் எனப் பின்னர் அறிந்தேன். வெப்பநாட்டுப் புல்வெளிகளில் மிகுதியாய் முளைப்பது. கொல்வது அரிது, வதைப்பது உறுதி. இளமையில் மடல் வெண்மை, வித்துத்தூளோ பச்சை. காம்பை நறுக்கி, குடையை ஓர் இரவு தாளின்மேல் கவிழ்த்து வைத்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். ஓர் இரவு!

‘நீர் அறியாமற் செய்தது; விடும்’ என்றார் நண்பர். விட முடிந்ததா?

இங்கிலாந்தின் கணிதப் பேராசிரியர் வில்லியம் கிளிஃபோர்டு 1877இல் நம்பிக்கையின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பலுடையான் வருகின்றான். கப்பல் பழையது, பழுது பார்க்க வேண்டுமென்ற ஐயம் அவனுக்கு உண்டு. செலவை எண்ணி, இதுவரை எத்தனை புயலைத் தாங்கிற்று என்று தனக்குத் தானே சொல்லிச் சொல்லி ஐயத்தை உறங்கச் செய்து, நல்ல நம்பிக்கையோடே கப்பலை அனுப்புகின்றான். அது பிழைப்புத் தேடிப் புறப்பட்ட குடும்பங்களை ஏற்றிய குடியேறிகளின் கப்பல், நடுக்கடலில் மூழ்குகின்றது. அவன் மனமார நம்பினானே என்றால், நம்புதற்கு அவனுக்கு உரிமையில்லை என்கின்றார் கிளிஃபோர்டு. அடுத்து அவர் சொல்வதே என்னைச் சுட்டது: கப்பல் மூழ்காமற் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றம் அணுவளவும் குறையாது, அகப்படாமற் போயிருப்பான், அவ்வளவே. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தோரின் பேரப்பிள்ளைகளாகிய நாம் இவ்வழக்கை வெறும் உவமையென்று ஒதுக்குதல் அரிது.

அந்தக் கப்பலுடையானின் நல்ல நம்பிக்கையே என் கையிலிருந்த வெள்ளிக் கொலுசு. நண்பர் நோயுறாதிருந்தாலும் யான் செய்தது அதுவே. இதையே திருப்பிப் பார்த்தால் அப்பாயியின் கூடையும் விளங்குகின்றது. நாங்கள் கொணர்ந்த ஓடையோரக் காளான் நஞ்சோ நன்றோ, இன்றுவரை எவரும் அறியார். பெரும்பாலும் தீங்கற்றதாகவே இருந்திருக்கலாம். அதனால் அவர் செயல் தவறாகிவிடாது. அவர் அறிந்தது, தமக்குத் தெரியாதென்பது. அந்த அறிவு ஐயமற்றது.

என் தாயாரின் வழக்கை எளிதிலே தள்ளிவிடலாகாது. பசியும் ஒரு தீங்கு. குழந்தையின் பசி பெருந்தீங்கு. கிளிஃபோர்டின் கட்டளையை எழுத்துப்படி கொண்டால் கடையிலே வாங்கும் அரிசியையும் ஆராயாமல் உலையிலிட முடியாது; ஏழைக்கு ஆராய நேரமேது? உண்மை. ஆயினும் அரிசிக்குப் பின்னே ஆயிரம் பேர் நேற்று உண்ட சான்று நிற்கின்றது. ஓடையோரக் காளானுக்குப் பின்னே நின்றவர்கள் எட்டு வயதுச் சிறுவர் இருவர். ஓர் இரவின் பசிக்கு ஈடாக ஐந்து உயிரைப் பணயம் வைக்கும் உரிமை ஊட்டுவோர்க்கு இல்லை. தம் உயிரை மட்டும் வைப்பதாயின் அது வேறு வழக்கு.

மற்றொரு பழைய விருந்தும் நினைவுக்கு வருகின்றது. பாவா நகரத்துக் கொல்லன் சுந்தன் புத்தருக்குப் படைத்த இறுதி உணவு யாது என்பதில் அறிஞர்க்குள் கருத்து வேற்றுமை உண்டு. இளம்பன்றி இறைச்சி என்பர் சிலர், பன்றி விரும்பும் காளான் என்பர் சிலர். புத்தர் அதனைத் தமக்கு மட்டும் படைக்கச் சொல்லி, எஞ்சியதைக் குழியிற் புதைக்கச் சொன்னார் என்று பாலி நூல் கூறுகின்றது. நோய் முற்றியபோது ஆனந்தரை அழைத்து, சுந்தன் மனம் நோகாதபடி அவனைத் தேற்றுமாறு பணித்தார். இது கிளிஃபோர்டுக்கு முரணோ என்று நெடுநாள் மயங்கினேன். இப்போது அவ்வாறு தோன்றவில்லை. மன்னிப்பு உண்டவன் தருவது. ஊட்டியவன் தானே எடுத்துக்கொள்ள அது பந்திப் பண்டமன்று. நண்பர் ‘விடும்’ என்றது அவர் பெருமை. அச்சொல்லை யானே எனக்குச் சொல்லிக்கொண்டால் அது இன்னொரு வெள்ளிக் கொலுசு.

கண் நாட்டோடு கட்டுண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2011 டிசம்பர் 31 இரவு கான்பெரா நகரிற் காளான் உண்ட இருவர், புத்தாண்டின் முதல் நாட்களில் ஈரல் அழிந்து மாண்டனர். அங்கே நட்ட ஓக் மரங்களின் அடியில் முளைக்கும் ஐரோப்பியச் சாவுக்காளானை, ஆசியாவில் நாளும் உண்ணும் வைக்கோற் காளானென்று அவர்கள் எண்ணியதாகக் கருதப்படுகின்றது. மொட்டாய் இருக்கையில் இரண்டும் உறையில் பொதிந்த முட்டைபோன்றவை. அவர்கள் அறியாதவரல்லர், தம் நாட்டை நன்கறிந்தவர். கடல் கடந்தபோது கண் உடன் வந்தது, மண் வரவில்லை. திருச்சிப் பக்கத்துப் புற்றுக்காளான் பேராக்கிலும் புற்றிலேயே முளைத்தது அப்பாயியின் நற்பேறு. ஆயினும் அவர் வந்த புதிதில் கம்பத்து மலாய்ப்பெண் ஒருத்தியிடம் காட்டிக் கேட்ட பின்னரே முதற்காளானைச் சமைத்தார் என்று பலமுறை சொல்லக் கேட்டிருக்கின்றேன். குக்குரை அவர் அறிந்ததும் அப்பெண்ணிடமே.

இந்நாளில் கைப்பேசியிற் படம் பிடித்தால் காளானின் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. என் பேரன் ஒன்றைக் காட்டினான். நொடியிற் பெயர் சொல்லிற்று. கிளறிப் பார் என்று சொல்லவில்லை. இவை தவறிய இடங்கள் பல உண்டு. அவற்றைப் பழிப்பது என் நோக்கமன்று. அது சொல்லியதை அது உண்பதில்லை. அப்பாயி எங்களோடு ஒரே சட்டியில் உண்டார்.

அந்த நண்பர் இன்றும் என் வீட்டிற்கு வருகின்றார். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் மகள் புற்றுக்காளான் கிடைத்ததென்று ஆவலோடு சமைத்தாள். அடிவரை தோண்டி எடுத்தது. யானே நின்று பார்த்தது. எல்லோருக்கும் பரிமாறினாள். நண்பர் சோற்றையும் இரசத்தையும் கூட்டையும் மனநிறைவோடு உண்டார். காளானை மட்டும் ஒருவர்க்கும் தெரியாதபடி மெல்ல இலையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். யான் பார்த்தேன். ‘சாப்பிடுங்கள்’ என்று சொல்லவில்லை. இரசத்தை எடுத்து அவர் இலையில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன்.